இருபது நாள் பிந்தி வந்த வெற்றி

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி பாரிஸ் மாநகரில் ஒலிம்பிக் பாட்மின்டன் போட்டிகள் முடிவுற்றன. ஆடவர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் டென்மார்க்கு நாட்டு விக்டர் ஆக்சல்சென், தாய்லாந்து நாட்டுக் குன்லவுத் விதித்சார்னை 21–11, 21–11 என்ற கணக்கில் மிக எளிதாக வென்று, தங்கப் பதக்கத்தை இரண்டாம் முறையாகப் பெற்றார். ஆட்டக்காரர்கள் மட்டைகளைப் பையிலிட்டுக்கொண்டு தத்தம் ஊர் திரும்பினார்கள்.

அதே மாதம் 25-ந் தேதி, ஜப்பானில் யோகஹாமா நகரில் ஜப்பான் ஓப்பன் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. வென்றவர் பத்தொன்பது வயதுப் பிரெஞ்சு இளைஞர் ஒருவர். பெயர் அலெக்ஸ் லான்யே. அந்தத் தரத்துப் போட்டியில் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் பிரெஞ்சு ஆடவர் அவரே.

இடையில் கழிந்தவை இருபதே நாட்கள். அந்த இருபது நாட்களுக்கு முன், அவருடைய தாய்நாட்டின் தலைநகரிலேயே உலகத்து ஆட்டக்காரர்கள் எல்லாம் திரண்டு ஆடியபோது, ஆடுவோர் பட்டியலில் லான்யேயின் பெயர் இல்லை. நோயா? காயமா? சங்கத்தாரோடு சச்சரவா? இவற்றுள் எதுவும் காரணமன்று. விதிப்படி அவருக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

இது விந்தையாகத் தோன்றவில்லையா? யோகஹாமாவில் பட்டம் வெல்லும் ஆற்றல் ஒருவருக்கு இருபது நாளில் முளைத்திருக்க முடியாது. ஆற்றல் முன்பே இருந்தது, கணக்கில்தான் ஏறவில்லை. அப்படியானால் அது என்ன கணக்கு? யார் எழுதுகிறார்கள்? எப்போது மூடுகிறார்கள்? நம்மில் மாலை வேளைகளில் மட்டையெடுத்துச் செல்பவர் பலர். சிந்துவின் பெயரோ லக்ஷ்யா சென்னின் பெயரோ தென்பட்டால் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுபவர் அவர்களினும் பலர். ஆயினும் ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கை எந்தப் படிகளில் ஏறிச் செல்கிறது என்பதை நம்மில் அறிந்தவர் சிலரே. லான்யேயின் கதையைத் துணையாகக் கொண்டு அதை விளங்கிக்கொள்ள முயல்வோம்.

முதலில் பெயரைப்பற்றி ஒரு சொல். எழுத்தைக் கூட்டிப் படித்து நம் வர்ணனையாளர்கள் அவரை ‘லேனியர்’ என்று அழைப்பதுண்டு. பிரெஞ்சுக்காரர் நாவில் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. ‘லான்யே’ என்றுதான் வரும். புதுச்சேரி நண்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றொன்று: இக்கட்டுரையில் பாட்மின்டன் என்பது இறகுப் பந்தாட்டத்தை. தஞ்சைச் சீமையில் தோன்றி நம் ஊர்தோறும் ஆடப்பட்டுவந்த கம்பளி நூல் பந்தாட்டம் வேறு. அதன் அருமை பெருமைகளுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

ஐரோப்பாவில் பாட்மின்டன் என்றால் டென்மார்க்கு என்று பொருள். ஏறத்தாழ அறுபது லட்சம் மக்களே வாழும் அந்தச் சின்னஞ்சிறு நாடு, சீனத்தையும் இந்தோனேசியாவையும் எதிர்த்து நிற்கும் ஆட்டக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தந்து வருகிறது. நம் பிரகாஷ் படுகோன் 1980-ல் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்றபின் மேலும் தேர்ச்சி பெற விரும்பிச் சென்று தங்கியதும் டென்மார்க்கில்தான். ஐரோப்பிய வெற்றியாளர் பட்டத்தை ஆடவர் ஒற்றையரில் டேனியர்களே பெரும்பாலும் தங்களுக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். எப்போதாவது ஒரு ஜெர்மானியர் புகுவார். 2017-ல் இங்கிலாந்துக்காக ஆடிய, கேரள வழிவந்த ராஜீவ் ஔசேப் புகுந்தார். பிரெஞ்சுக்காரர் ஒருவரும் புகவில்லை.

பிரான்சில் இந்த ஆட்டம் தெரியாமல் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே பள்ளிக்கூடங்களில் மிகப் பரவலாகக் கற்பிக்கப்படும் ஆட்டங்களுள் இதுவும் ஒன்று. பாட்மின்டன் சங்கத்தில் பெயர் பதிந்து ஆடுவோர் இரண்டு லட்சத்துக்கு மேல். ஆனால் பலர் ஆடுவது வேறு, சிலர் வெல்வது வேறு. நெடுங்காலம் பிரான்சில் முன்னது இருந்தது, பின்னது இல்லை. உலக வெற்றியாளர் போட்டியில் அந்நாட்டுக்கு முதல் பதக்கம் கிடைத்ததே 2009-ல்தான். அந்த வெண்கலத்தை வென்றவர் பீ ஹொங்யான் என்ற பெண்மணி. சீனத்தில் பிறந்து பிரான்சில் குடியேறியவர். அவர் அதை வென்ற இடம் நம் ஹைதராபாத்து! ஆடவரில் பிரைஸ் லெவெர்தே என்பவர் தனி மரமாக நின்றார். 2017-ம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் போட்டியின் முதற்சுற்றிலேயே மலேசியாவின் லீ சோங் வேயை 21–19, 22–24, 21–17 என்று அவர் வீழ்த்தினார். மூன்று ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து வெள்ளி பெற்றவரை இப்படி ஒரு பிரெஞ்சுக்காரர் வென்றது கண்டு பலரும் வியந்தார்கள். ஆயினும் தனி மரம் தோப்பாகவில்லை. பின்னால் வரிசையாக வருவோர் வேண்டும்.

அந்த வரிசை இரண்டு வழிகளில் வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது.

ஒரு வழி குடும்பத்தின் வழி. பல்கேரிய நாட்டில் ஆட்டக்காரராக இருந்த போபோவ் என்பவர், மனைவி மக்களோடு பிரான்சில் குடியேறி, மார்சேய் துறைமுகத்துக்கு அருகே ஃபோஸ்-சுர்-மேர் என்னும் சிற்றூரில் வாழத் தொடங்கினார். எண்ணெயும் உருக்கும் கப்பல்களும் நிறைந்த தொழில் ஊர் அது. பாட்மின்டனுக்குப் பெயர் போன ஊரன்று. அங்கே தம் இரு மக்களுக்கும் தாமே ஆசானாக இருந்து ஆட்டம் கற்பித்தார். மூத்தவர் தோமா ஜூனியர், 1998-ல் பிறந்தவர். இளையவர் கிறிஸ்டோ, 2002-ல் பிறந்தவர். பாரிஸில் நாட்டுப் பயிற்சிக்கூடம் இருக்க, இந்தச் சகோதரர்கள் நெடுங்காலம் தந்தையின் கூடத்திலேயே வளர்ந்தார்கள். ஒற்றையரிலும் ஆடுவார்கள், இருவரும் சேர்ந்து இரட்டையரிலும் ஆடுவார்கள். ஒருவருக்கு ஒருவர் எதிரியும் துணையும் ஆவார்கள்.

மற்றது அரசின் வழி. பாரிஸின் கிழக்கே வன்சேன் காட்டில் ‘இன்செப்’ என்று ஒரு நிலையம் உண்டு. நாட்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர்கள், எந்த ஆட்டத்தினராயினும், அங்கே தங்கிப் பயிலலாம். மாணவர்களாகிய நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு: அங்கே படிப்பும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் நடைபெறுகின்றன. பள்ளிப் பாடமோ கல்லூரிப் பாடமோ ஆட்டக்காரரின் நேரத்தை அனுசரித்து அமைக்கப்படுகிறது. “ஆட்டமா, பரீட்சையா?” என்ற கேள்வியைப் பதினாறு வயதுப் பிள்ளையின் கழுத்தில் கட்டித் தொங்கவிடாமல் இருப்பதற்கு அங்கே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரும்போது எத்தனை மட்டைகள் பரண்மேல் ஏறுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் மதிப்பு விளங்கும். பிரெஞ்சு நாட்டுப் பாட்மின்டன் அணியின் பயிற்சிக்களமும் அதே வளாகத்தில்தான் அமைந்திருக்கிறது.

லான்யே இந்த இரண்டாம் வழியில் வந்தவர். 2005-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி பிறந்தவர். நம் குடியரசு நாளில் பிறந்தவர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2022-ல் பெல்கிரேடு நகரில் நடந்த ஐரோப்பிய இளையோர் போட்டியில் ஒற்றையர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, கொரோனாத் தொற்றினால் இரண்டு ஆண்டுகள் நின்றுபோயிருந்த உலக இளையோர் போட்டி ஸ்பெயின் நாட்டுச் சாந்தாந்தேரில் மீண்டும் கூடியபோது, வெள்ளிப் பதக்கம் பெற்றவர் சென்னையைச் சேர்ந்த சங்கர் முத்துசாமி. ஒரே தலைமுறை, ஒரே பருவம். சங்கரைப்பற்றி மீண்டும் சொல்ல நேரும்.

இளையோர் பட்டம் பெற்ற பிள்ளைக்கு ஊரில் மாலை மரியாதை உண்டு, புகைப்படம் உண்டு. ஆனால் பெரியவர் உலகத்துத் தரவரிசையில் அந்தப் பட்டத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. இளையோருக்கு வேறு கணக்கு, பெரியோருக்கு வேறு கணக்கு. பதினெட்டு வயதில் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியின் அடிப்படியில் கால் வைத்தாக வேண்டும்.

அந்த ஏணி எப்படிப்பட்டது? லான்யே ஏறிய காலத்தில் நடப்பிலிருந்த கணக்கைச் சொல்கிறேன். மிகக் கீழே ‘ஃபியூச்சர் சீரீஸ்’ எனப்படும் சிறு போட்டிகள்; பட்டம் வென்றால் 1,700 புள்ளி. அடுத்து ‘இன்டர்நேஷனல் சீரீஸ்’, 2,500. அதற்கு மேலே ‘இன்டர்நேஷனல் சாலஞ்சு’, 4,000. பிறகுதான் ‘சூப்பர்’ என்னும் அடைமொழி பெற்ற போட்டிகள் தொடங்கும். சூப்பர் 100-க்கு 5,500. லக்னோவில் நடக்கும் சையது மோடி போட்டி போன்ற சூப்பர் 300-க்கு 7,000. சூப்பர் 500-க்கு 9,200. ஜப்பான் ஓப்பனும் டில்லியில் நடக்கும் இந்தியா ஓப்பனும் சேர்ந்த சூப்பர் 750-க்கு 11,000. ஆல் இங்கிலாந்து போன்ற சூப்பர் 1000-க்கு 12,000. தோற்றவருக்கும் அவர் சென்ற தூரத்துக்கு ஏற்பப் பங்கு உண்டு.

ஓர் ஆண்டில், அதாவது சென்ற 52 வாரங்களில், ஆட்டக்காரர் பெற்றவற்றுள் மிகச் சிறந்த பத்துப் போட்டிகளின் புள்ளிகளை மட்டும் எடுத்துக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் உலகத் தரவரிசை. புள்ளி என்பது வங்கியில் இட்ட பணமன்று. மழையில் நிறைந்த குளம் கோடையில் வற்றுவதுபோல, ஓராண்டு கழிந்ததும் அது வடிந்துபோகும். சென்ற ஆண்டு வென்றவர் இந்த ஆண்டும் அதே வாரத்தில் ஏதேனும் ஈட்டாவிட்டால் தரவரிசையில் சறுக்குவார். ஆகையால் வெற்றி பெற்றவருக்கும் ஓய்வில்லை.

இதில் ஒரு சிக்கலை நண்பர்கள் கவனிக்க வேண்டும். சூப்பர் 750 போட்டியில் ஒற்றையரில் ஆட 32 பேருக்கே இடம். தகுதிச் சுற்று என்று ஒன்று கிடையாது. தரவரிசையைப் பார்த்து நேரே எடுத்துக்கொள்வார்கள். பெரும் போட்டியில் ஆடினால்தான் நிறையப் புள்ளி. நிறையப் புள்ளி இருந்தால்தான் பெரும் போட்டியில் இடம். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்! இந்தப் பூட்டைத் திறக்க வழி ஒன்றே. சிறு போட்டிகளில் ஊர் ஊராகச் சென்று, ஆளில்லாத அரங்குகளில் ஆடி, ஆயிரம் இரண்டாயிரமாகப் புள்ளி சேர்க்க வேண்டும். இன்டர்நேஷனல் சாலஞ்சுப் பட்டம் மூன்றை வென்றால் 12,000 ஆகும். யோகஹாமாவில் ஒரே வாரத்தில் 11,000 கிடைக்கும். அந்த மூன்றையும் வெல்ல மூன்று நாடுகளுக்குப் பயணம் செய்ய வேண்டும். வென்றாலும் விமானச் சீட்டின் விலை பரிசுப் பணத்தில் திரும்பி வருமா என்பது ஐயமே. ஏழைப் பெற்றோரின் பிள்ளை இந்தப் படியில்தான் பெரும்பாலும் நின்றுபோகிறான். கையிலே ஆட்டம் இல்லாமல் அன்று. பையிலே பயணச்சீட்டு இல்லாமல். நாட்டுச் சங்கமோ அரசோ தாங்கிப் பிடிக்கும் பிள்ளைக்கு ஏணி ஒன்று. தாங்க ஆளில்லாத பிள்ளைக்கு ஏணி வேறு.

இனி ஒலிம்பிக்குக்கு வருவோம். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான கணக்கு 2023-ம் ஆண்டு மே முதல் தேதி தொடங்கி 2024-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதியோடு முடிந்தது. ஏப்ரல் 30-ந் தேதித் தரவரிசையே முடிவு. ஒரு நாட்டிலிருந்து ஒற்றையரில் ஒருவருக்கே இடம். அந்நாட்டார் இருவர் உலகின் முதல் பதினாறு பேருக்குள் இருந்தால் மட்டுமே இருவரும் ஆடலாம். நம் நாட்டிலிருந்து பிரணாயும் லக்ஷ்யா சென்னும் இருவருமே சென்றது இந்த விதியின்படிதான். அங்கே சென்று, பதினாறு பேர் சுற்றில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆட நேர்ந்தது விதியின் மற்றொரு விளையாட்டு.

பிரான்சின் ஒற்றையர் இடம் தோமா ஜூனியர் போபோவுக்குச் சென்றது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரிவு ஆட்டத்தில் அவர், டோக்கியோவில் வெண்கலம் பெற்றிருந்த இந்தோனேசியாவின் அந்தோணி கிந்திங்கை மூன்று செட்டில் வென்று, தம்மை அனுப்பியது சரியே என்று காட்டினார். கணக்கு எழுதப்பட்ட அந்த ஓராண்டின் பெரும்பகுதியில் லான்யேக்கு வயது பதினெட்டு. ஏணியின் நடுப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். கதவு மூடியபோது படி இன்னும் பாக்கி இருந்தது.

ஒரு நாட்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர் என்ற இந்த விதி அநியாயமானது என்று வாதாடுவோர் உண்டு. நான் அவ்வாறு நினைக்கவில்லை. இந்த வரம்பு இல்லாவிட்டால் நான்கைந்து நாடுகளே அரங்கை நிறைத்துவிடும். நேபாளத்துப் பையனும் குவாத்தமாலாப் பையனும் ஒலிம்பிக்கைக் கனவிலும் காண முடியாது. ஓராண்டுக் கணக்கைப் பார்ப்பதும் நியாயமே. ஒரு வாரத்து அதிருஷ்டத்தை நம்பி ஆளை அனுப்ப முடியாது. மனத்தை உறுத்துவது வேறொன்று. இளைஞரின் வளர்ச்சி ஆண்டுக் கணக்கில் நடப்பதில்லை. மாதக் கணக்கில் நடக்கிறது. முப்பது வயதுக்காரரின் ஏப்ரல் ஆட்டமும் ஆகஸ்டு ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றே. பத்தொன்பது வயதுக்காரருக்கு அந்த நான்கு மாதத்தில் உலகமே மாறிவிடும். சென்ற ஆண்டின் புள்ளிகளைக் கூட்டும் கணக்கு, வளர்ந்து முடிந்தவரைச் சரியாக அளக்கும். வளர்ந்துகொண்டிருப்பவரை எப்போதும் குறைத்தே அளக்கும். லான்யேக்கு நேர்ந்தது இதுதான்.

மாற்றம் ஜூலையிலேயே தெரிந்தது. கனடாவில் கால்கரி நகரில் நடந்த கனடா ஓப்பன் ஒரு சூப்பர் 500 போட்டி. முந்தைய ஆண்டு லக்ஷ்யா சென் வென்ற பட்டம். அங்கே காலிறுதியில் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் அந்தோன்சென்னை வீழ்த்திவிட்டு உற்சாகத்தோடு வந்தார் நம் மத்தியப் பிரதேசத்துப் பிரியான்ஷு ராஜாவத். அரையிறுதியில் அவரைத் தோற்கடித்தவர் லான்யே. இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் கோகி வத்தனபேயிடம் லான்யே தோற்றார். தோல்விதான், ஆனால் 7,800 புள்ளியோடு வந்த தோல்வி.

ஏழு வாரம் கழித்து யோகஹாமா. இறுதியில் எதிரே நின்றவர் தைவான் நாட்டுச் சோ தியென்-சென், 1990-ல் பிறந்தவர், வயது முப்பத்துநான்கு. அவர் யார் என்பது இந்திய ரசிகர்களுக்கு மறந்திராது. பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் லக்ஷ்யா சென்னிடம் முதல் செட்டை வென்று, பிறகு 15–21, 12–21 என்று அடுத்த இரண்டையும் விட்டவர் அவரே. ஆசான் என்று ஒருவரை வைத்துக்கொள்ளாமல், உடற்சிகிச்சை வல்லுநர் ஒருவரை மட்டும் துணைக்கழைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஊர் சுற்றி ஆடிவந்த விசித்திரமான மனிதர்.

இளையவரும் மூத்தவரும் மோதும்போது கால்வலிமை இளையவர் பக்கம் என்பது வெளிப்படை. ஆனால் இந்த ஆட்டத்தில் மூத்தவருக்கு ஒரு மறைவான பலம் உண்டு. பதினாறு இறகுகள் செருகிய, ஐந்து கிராம் அளவே எடையுள்ள அந்தப் பந்து, பெரிய அரங்குகளில் குளிர்சாதனக் காற்றுக்கே அசையும். ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் எல்லைக்கு வெளியே போகும். மறு பக்கத்திலிருந்து அதே வலுவில் அடித்தால் நடுக்களத்திலேயே விழும். எந்த அரங்கில் காற்று எப்படி ஓடும், எந்தப் பந்தை விட்டுவிடலாம், எதை எட்டிப் பிடிக்கவேண்டும் என்ற அறிவு அங்கங்கே தோற்றுத் தோற்றுத்தான் வரும். பெரிய அரங்குகளில் மிகுதியும் ஆடியிராத இளைஞர்கள் முதல் செட்டை ஆவேசமாக எடுத்துவிட்டு மூன்றாம் செட்டில் சோர்ந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லான்யே மூன்றாம் செட்டுக்கு வேலை வைக்கவில்லை. முதல் செட் 21–17. இரண்டாவதில் இருவரும் 20-ஐத் தொட்டார்கள். 20-க்கு 20 என்று வந்துவிட்டால் இரண்டு புள்ளி தொடர்ந்து முன்னேறியவருக்கே வெற்றி. இல்லாவிட்டால் 30 வரை இழுத்துக்கொண்டு போகும். அத்தனை பெரிய இறுதி ஆட்டம் ஆடி அனுபவமில்லாத ஒருவருக்குக் கை நடுங்கவேண்டிய இடம் அது. அடுத்த இரண்டு புள்ளிகளையும் லான்யே எடுத்தார். 22–20. ஒலிம்பிக் முடிந்த களைப்பில் பெரிய ஆட்டக்காரர் சிலர் ஜப்பானுக்கு வரவில்லை. ஆகவே அந்த வெற்றிக்கு மதிப்பு சற்றுக் குறைவு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த வாரத்தில் அரங்குக்கு வந்தவர்களையெல்லாம் கடந்துதானே பட்டத்தைத் தொட வேண்டும்! போட்டியின் மொத்தப் பரிசு எட்டரை லட்சம் டாலர். ஒற்றையர் வெற்றியாளருக்கு 59,500.

கால்கரியில் 7,800, யோகஹாமாவில் 11,000. ஏழு வாரத்தில் 18,800 புள்ளிகள். இவை ஏப்ரலுக்கு முன் வந்திருந்தால் பாரிஸ் கணக்கு வேறாகியிருக்கக்கூடும். ஆனால் பூட்டு அப்போது திறந்துவிட்டது. இனிச் சிறு போட்டிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும் போட்டிகளின் கதவு தானே திறக்கும்.

2025-ல் அதன் பலன் தெரிந்தது. மார்ச்சு மாதம் ஆர்லியான் நகரில், தம் மக்கள் முன்னிலையில், சூப்பர் 300 பட்டம் பெற்றார். இதே பட்டத்தை 2023-ல் வென்றிருந்தவர் கால்கரியில் அவரிடம் தோற்ற ராஜாவத் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். ஏப்ரலில் ஐரோப்பிய வெற்றியாளர் போட்டி டென்மார்க்கு நாட்டு ஹோர்சன்ஸ் நகரில் கூடியது. டேனியர்கள் தம் வீட்டுச் சொத்தாகக் கருதிய பட்டத்தை, அவர்கள் வீட்டுக்குள்ளேயே புகுந்து, இருபது வயது லான்யே எடுத்துக்கொண்டார். ஆடவர் ஒற்றையரில் ஐரோப்பிய வெற்றியாளரான முதல் பிரெஞ்சுக்காரர் அவரே. அவ்வாண்டிலேயே உலகின் முதல் பத்துப் பேருக்குள் அவர் இடம் பெற்றார். அக்டோபரில் டென்மார்க்கின் ஓடன்ஸே நகரில், முன் சுற்றில் அந்தோன்சென்னை அருமையாக வென்றுவந்த நம் லக்ஷ்யா சென், காலிறுதியில் லான்யேயிடம் 9–21, 14–21 என்று தோற்றபோது, பெயர் தெரியாத இளைஞன் ஒருவனிடம் தோற்றுவிட்டதாக இங்கே ஒருவரும் சொல்லவில்லை.

அதே 2025-ம் ஆண்டு மார்ச்சில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். தரவரிசையில் வெகு கீழே இருந்த சென்னைச் சங்கர் முத்துசாமி, உலகின் தலையாய ஆட்டக்காரர்களுள் ஒருவரான அதே அந்தோன்சென்னை அங்கே வீழ்த்தினார். முதல் செட்டை இழந்து பின்னர் அடுத்த இரண்டையும் எடுத்தார். மூன்றாம் செட்டில் அந்தோன்சென்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. காலிறுதியில் சங்கரை நிறுத்தியவர் யார்? கிறிஸ்டோ போபோவ். ஃபோஸ் ஊரின் இளைய பிள்ளை. ஆற்றலில் சங்கருக்கும் இந்தப் பிரெஞ்சு இளைஞர்களுக்கும் எத்தனை தூரம் என்று அளப்பது என் நோக்கமன்று. ஏணியில் எத்தனை படி தூரம் என்பதைத் தரவரிசை சொல்லிவிடுகிறது. அந்தப் படிகள் எவ்வாறு ஏறப்படுகின்றன என்பதை மேலே பார்த்தோம்.

கிறிஸ்டோவின் கதை அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் உலக வெற்றியாளர் போட்டி பாரிஸிலேயே நடந்தது. கலப்பு இரட்டையரில் தோம் ஜிகெல், தெல்பின் தெல்ரூ இணையர் பிரான்சுக்கு வெண்கலம் தந்தார்கள். ஆடவர் ஒற்றையரில் சீனத்து ஷி யூச்சி தங்கம் பெற்றார். டிசம்பரில், ஆண்டின் தலைசிறந்த எண்மரை மட்டும் அழைத்து நடத்தும் இறுதிப் போட்டி சீனத்தின் ஹாங்சோ நகரில் கூடியது. ஷி யூச்சியை அவர் நாட்டு மக்கள் முன்னிலையில் 21–19, 21–9 என்று வென்று, அந்தப் பட்டத்தைக் கிறிஸ்டோ போபோவ் பெற்றார். 2009 வரை உலகப் போட்டியில் ஒரு பதக்கமும் காணாத நாட்டில், அரசின் கூடத்திலிருந்து வந்தவர் ஐரோப்பிய வெற்றியாளர். தந்தையின் கூடத்திலிருந்து வந்தவர் உலக எண்மரின் வெற்றியாளர். தோமா ஜூனியரும் ஆட்டத்தை விட்டுவிடவில்லை.

அடுத்த ஒலிம்பிக் 2028-ம் ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெறவுள்ளது. பாரிஸ் விதியே அங்கும் நீடித்தால், பிரான்சிலிருந்து ஆடவர் ஒற்றையரில் செல்லக்கூடியவர் மிஞ்சினால் இருவர். அப்போது லான்யேக்கு வயது 23, கிறிஸ்டோவுக்கு 26, தோமாவுக்கு 29.